தோட்டத்துப் பிள்ளை வரையும் கற்பனை உலகம்: சுங்கை சிப்புட் புத்தகக் கடையின் வரைபடப் பெட்டி வாங்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் பழைய கடை வரிசையில் புத்தகமும் பள்ளி எழுதுபொருளும் விற்கும் சிறு கடை ஒன்று, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வரைபடப் பெட்டி போட்டிருக்கிறது. மிகுபுனைவு எழுத்தாளர் ஒருவரின் சிறுவயது, அவர் கட்டிய கற்பனை உலகத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று படிப்பது முதல் பாதி. அதே வழியைப் பிடித்துக்கொண்டு, தான் வளர்ந்த ரப்பர் அல்லது செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் உலகத்தை வரைந்து எழுதுவது மறுபாதி. பெட்டி மட்டும் 55 வெள்ளி (ரிங்கிட்). கடை மாடியில் நான்கு சனிக்கிழமை நடக்கும் வகுப்பையும் சேர்த்தால் 120 வெள்ளி.

வரைபடப் பயிற்சிக்காகவே இதை வாங்கலாம். உள்ளே இருக்கும் 72 பக்க நூலில் முதல் 40 பக்கம் மிக நன்றாக வந்திருக்கிறது. 41ஆம் பக்கத்து அட்டவணையை மட்டும் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் இருப்பது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

நூலைத் தவிர பெட்டியில் இருப்பவை: ஏ3 அளவில் தடித்த வெள்ளைத் தாள் ஆறு, அதே அளவில் டிரேசிங் தாள் பத்து, பயிற்சி அட்டை பதினான்கு, 1900ஆம் ஆண்டு வாக்கில் பர்மிங்காம் நகரின் தெற்குப் பகுதி எப்படி இருந்தது என்று காட்டும் பிளாஸ்டிக் உறையிட்ட வரைபடம் ஒன்று, 2பி பென்சில், 30 சென்டிமீட்டர் அடிக்கோல். அழிப்பான் கிடையாது. வேண்டுமென்றே வைக்கவில்லை என்று முதல் அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். முதலில் தவறாக வரைந்த கோடும் நினைவின் ஒரு பகுதிதான் என்பது அவர்கள் கருத்து. நமக்கும் அது சரியாகவே படுகிறது.

நூல் எடுத்துக்கொண்டிருப்பது ஜே.ஆர்.ஆர். டோல்கீனை. இவர் எழுதிய ‘ஹாபிட்’ 1937இலும், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 55இலும் வெளிவந்தன. நம் பிள்ளைகள் பெரும்பாலும் திரைப்படம் வழியாகத்தான் இவரை அறிவார்கள். படத்தில் தெரியும் மலையும் பசும்புல்லும் நியூசிலாந்து. ஆசிரியர் மனத்தில் இருந்த நிலம் வேறு. இந்த இடத்திலிருந்து நூலைத் தொடங்கியிருப்பது நல்ல முடிவு.

டோல்கீன் 1892 ஜனவரி 3இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டேன் நகரில் பிறந்தார். தந்தைக்கு அங்கே வங்கி மேலாளர் வேலை. 1895இல் தாய் மேபல் இரண்டு ஆண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பின்னால் வருவதாக இருந்த தந்தை 1896 பிப்ரவரியில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். அந்தக் கோடையில் தாயும் பிள்ளைகளும் பர்மிங்காமுக்குத் தெற்கே சேர்ஹோல் என்ற சிற்றூரில் வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். ஓர் ஓடை, ஒரு குளம், அதன் கரையில் ஓர் அரவை ஆலை, சுற்றிலும் வயலும் மரமும். டோல்கீனுக்கு அப்போது நான்கு வயது. 1900இல், எட்டு வயதில், அந்த ஊரை விட்டுப் போகிறார்கள்.

அங்கே இருந்தது நான்கே ஆண்டுகள். ஆனால் கதையில் வரும் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகளின் ஊரான ஷயர் முழுக்க அந்த நிலம்தான். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழா நடந்த காலத்து வார்விக்‌ஷயர் கிராமம் போன்றது அது என்று டோல்கீனே பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார். நீண்ட காலம் வாழ்ந்த ஊர்தான் கதையில் வரும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு தகவலே கண்ணைத் திறக்கும். அப்பா வேலை மாறியதால் இரண்டு மூன்று தோட்டம் மாறி வளர்ந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். எந்தத் தோட்டத்தை வரைவது என்று அவர்கள் குழம்பும்போது, அதிக நாள் இருந்ததை அல்ல, விட்டுப் போக மனமே இல்லாததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது மூன்றாவது அட்டை. மிகச் சரியான வழிகாட்டல்.

சேர்ஹோலை ஏன் விட்டுப் போனார்கள் என்பதை நூல் விளக்கும் விதம் இன்னும் நன்று. 1900இல் டோல்கீனுக்கு பர்மிங்காம் நகர நடுவில் இருந்த கிங் எட்வர்ட்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து நான்கு மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர். டிராம் அவ்வளவு தூரம் வரவில்லை, ரயிலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பெரும்பகுதி நடைதான். அதனால் டிராம் ஓடும் மோஸ்லி பகுதிக்கு மாறினார்கள். அடுத்து கிங்ஸ் ஹீத்தில் ரயில் பாதையை ஒட்டிய வீடு. அங்கே நின்ற நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்களைப் படித்துத்தான் அந்த மொழியின் மேல் சிறுவனுக்கு ஆசை பிறந்தது. பின்னாளில் அவர் தன் கதையின் எல்ஃப் இனத்தாருக்காக உருவாக்கிய மொழிகளில் ஒன்று வேல்ஸ் மொழியின் ஒலியமைப்பைக் கொண்டிருக்கிறது. ஆக, அவருக்குப் பிடித்த நிலத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்ட இடமே இன்னொரு பொருளைக் கையில் கொடுத்தது. ‘கிராமம் நல்லது, பட்டணம் கெட்டது’ என்று எளிதாக எழுதிவிட்டுப் போகாமல் இந்த இடத்தில் நூலாசிரியர் நின்று நிதானித்திருக்கிறார்.

தாயின் மரணத்தைச் சொல்லும் பக்கம்தான் நூலில் சிறந்தது. மேபல் 1900இல் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்ததும் உறவினர்களின் பண உதவி நின்றது. பிள்ளைகளுக்கு லத்தீனும் செடிகொடிகளை அடையாளம் காணவும் கற்றுத் தந்தது அவர்தான். 1904இல் அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று தெரிந்தது. அதே ஆண்டு நவம்பர் 14இல், 34 வயதில் இறந்தார். இன்சுலின் முதன்முதலில் ஒரு மனிதருக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில் என்று அடுத்த வரியிலேயே நூல் தெரிவிக்கிறது. வீட்டுக்கு ஓர் இனிப்புநீர்க்காரர் இருக்கும் நம் ஊரில், இதற்குமேல் விளக்கம் எந்தப் பிள்ளைக்கும் தேவைப்படாது. பன்னிரண்டு வயதில் தாயும் இல்லாமல்போன டோல்கீனும் தம்பி ஹிலரியும் பிரான்சிஸ் மோர்கன் என்ற பாதிரியாரின் பொறுப்பில் வளர்ந்தார்கள். சேர்ஹோல் என்றால் டோல்கீனுக்குத் தாய் உயிரோடு இருந்த காலம். ஷயரை ஏன் அவ்வளவு பாசத்தோடு எழுதினார், கதையின் கடைசியில் ஹாபிட்டுகள் வீடு திரும்பும்போது மரங்கள் வெட்டப்பட்டு, பழைய ஆலை இருந்த இடத்தில் புகையும் அழுக்கும் கக்கும் புது ஆலை நிற்பதை ஏன் அவ்வளவு கோபத்தோடு எழுதினார் என்பதற்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்துகிறது. தன் சிறுவயது நிலம் தனக்குப் பத்து வயது நிறையும் முன்பே அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஆலைக் குளத்தின் மேல் சாய்ந்திருந்த மரம் ஒன்றை யாரோ வெட்டி, எதற்கும் பயன்படுத்தாமல் அப்படியே போட்டுவிட்டுப் போனதை முதுமை வரை அவர் மறக்கவில்லை.

இவ்வளவு நல்ல நூலில் 41ஆம் பக்கம் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை. இரண்டு பத்தி அட்டவணை. இடப்பக்கம் ‘சிறுவயதில் கண்டது’, வலப்பக்கம் ‘கதையில் வந்தது’. சிலந்தி கடித்தது, அதனால் கதையில் ராட்சதச் சிலந்தி. வீட்டருகே இரண்டு கோபுரம், அதனால் கதையில் இரண்டு கோபுரம். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியான பக்கம். ஆனால் முதல் 40 பக்கம் பொறுமையாகக் கட்டியதை இது ஒரே அடியில் இடித்துவிடுகிறது.

சிலந்தியை எடுத்துக்கொள்வோம். நடை பழகும் வயதில் புளூம்ஃபோன்டேன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய சிலந்தி அவரைக் கடித்தது உண்மை. தாதி விஷத்தை உறிஞ்சி எடுத்தார். ஆனால் வெயிலில் காய்ந்த உயரமான புல்லுக்குள் பயந்து ஓடியது மட்டுமே டோல்கீன் நினைவில் நின்றது. சிலந்தி நினைவில் இல்லை, சிலந்திகள் மேல் தனக்குத் தனி வெறுப்பு எதுவும் இல்லை என்றும் கூறியிருக்கிறார். ‘ஹாபிட்’ கதையில் சிலந்திகள் வந்ததற்கு அவர் கொடுத்த காரணம் வேறு: கதையைத் தன் பிள்ளைகளுக்காக எழுதினார், அவர்களில் ஒருவனுக்குச் சிலந்தி என்றால் நடுக்கம். கேட்கும் பிள்ளையின் பயம்தான் அங்கே கதைக்குள் நுழைந்தது. கோபுரக் கதையும் இப்படித்தான். தாய் இறந்த பிறகு அவர் தங்கிய எட்ஜ்பாஸ்டன் பகுதியில் 1758இல் கட்டிய பெரட்ஸ் ஃபாலி கோபுரமும், குடிநீர் நிலையத்துக் கோபுரமும் அருகருகே இருக்கின்றன. அவைதான் கதையின் இரண்டு கோபுரங்கள் என்பது ஊரார் பேச்சு. டோல்கீன் எழுதிவைத்த செய்தி அல்ல.

அட்டவணையில் விட்டுப்போனதும் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர் டோல்கீன். கதையில் பிணங்கள் மிதக்கும் சதுப்பு நிலம் வரும் பகுதி, அந்தப் போருக்குப் பிந்திய வட பிரான்சுக்குக் கடன்பட்டது என்று கடிதம் ஒன்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலில் போருக்கு ஒரே ஒரு வரிதான். எல்லாமே சிறுவயதிலிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், பிற்கால வாழ்க்கையில் கண்டதைத் தன் கதைக்குள் விடவே அஞ்சும். வகுப்பு நடத்துபவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு தாளால் ஒட்டி மறைத்துவிட்டு, சிலந்தி பற்றிய மேற்கண்ட விளக்கத்தை அங்கே எழுதிவைத்தால் பாடமும் ஆகும்.

இனி வரைபடப் பயிற்சி. பெட்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. கதைக்கு முன் வரைபடத்தைத் தொடங்கி, கதையை அதற்குப் பொருந்தச் செய்தவர் டோல்கீன். பாத்திரங்கள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடந்தார்கள், அன்று இரவு நிலா எப்படி இருந்தது என்பதைக்கூடக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். அதே ஒழுங்கைத்தான் பயிற்சி அட்டைகளும் கேட்கின்றன.

ஏ3 தாளைப் படுக்கைவாக்கில் போட்டு, நட்ட நடுவில் புள்ளி வைக்க வேண்டும். அதுதான் வீட்டு வாசல். தோட்டத்து வரிசை வீடான லயத்து வீடோ, பிறகு மாறிவந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடோ, எது என்று பிள்ளையே முடிவு செய்யலாம். அளவுகோல் கிலோமீட்டர் அல்ல, நிமிடம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு நிமிடம் நடந்தால் ஒரு சென்டிமீட்டர். அந்த வயதுக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பராக்குப் பார்த்துக்கொண்டு நடக்கும் பிள்ளைக்கு அது நியாயமான கணக்கு. தாளின் நீளம் 42 சென்டிமீட்டர் என்பதால் வாசலிலிருந்து இந்தப் பக்கம் 21 நிமிடம், அந்தப் பக்கம் 21 நிமிடம். அகலத்தில் 15 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் தாளின் விளிம்பில் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் மட்டுமே.

இந்த அளவுகோலின் அருமை ஐந்தாவது அட்டையில் தெரிகிறது. டோல்கீன் பள்ளிக்குப் போன ஆறரை கிலோமீட்டரை இதே கணக்கில் வரையச் சொல்கிறது. 108 நிமிடம், ஒரு மீட்டருக்கு மேல். மூன்று தாளை ஒட்டினால்தான் கோடு முடியும். அந்தக் கோட்டைத் தரையில் மண்டியிட்டு வரைந்து முடிக்கும் பிள்ளைக்கு, அந்தக் குடும்பம் ஏன் வீடு மாறியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம், ஆபீஸ், ஸ்டோர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்து கொடுக்கும் டிரசர் இருந்த இடம், பள்ளி, கோயில், ஆற்றங்கரை எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் குறிக்க வேண்டும். குறித்த பிறகு மூன்று அடையாளம்: பயந்த இடத்துக்கு முக்கோணம், போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்த இடத்துக்குப் பெருக்கல் குறி, ஒளிந்துகொண்ட இடத்துக்கு வட்டம். ஒரே இடத்தில் மூன்றும் விழுந்தால் கதை அங்கேதான் தொடங்கும் என்று அட்டை சொல்கிறது. சேர்ஹோலில் அந்த இடம் ஆலை. எலும்பு மாவு படிந்து வெள்ளை வெளேரென்று நின்ற ஆலைக்காரர் மகனுக்கு டோல்கீன் சகோதரர்கள் ‘வெள்ளை அரக்கன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காளான் பறித்ததற்காக விரட்டிய விவசாயி ‘கறுப்பு அரக்கன்’. ஷயரில் காளான் திருடிய சிறுவனை விரட்டும் ஒரு விவசாயி வருவதைப் படித்தவர்கள் அறிவார்கள். நம் பிள்ளைகளும் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்காமல் இருந்ததில்லை. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் உயிரோடிருக்கும் கிராணியையோ (தோட்டத்து எழுத்தர்) மண்டோரையோ (வேலை மேற்பார்ப்பவர்) அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது என்ற எச்சரிக்கையும் அட்டையில் இருக்கிறது. சின்ன ஊரில் அது அவசியம்.

பிறகு டிரேசிங் தாள். பிள்ளையின் வரைபடத்தின் மேல் ஒரு தாளை வைத்து, அப்பா அல்லது அம்மா ஒன்பது வயதில் கண்ட தோட்டத்தை அவர்கள் சொல்லச் சொல்ல வரைவது. அதன் மேல் இன்னொரு தாளில் தாத்தா பாட்டியின் தோட்டம். கீழே செம்பனை. நடுவில் ரப்பர்ப் பால் மரங்களின் நிரை, பால் உறையவிடும் தொட்டி, ரப்பர் பாளம் புகையில் காயும் கொட்டகை. மேலே, எழுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர் வீட்டில் இருந்தால், அவசரகாலத்துக் கம்பிவேலியும் வாசற்காவலும். 1948 ஜூன் 16இல் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான்; அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது, தோட்டத்து லயங்கள் பல இடங்களில் வேலிக்குள் போயின. மூன்று தாளையும் ஒன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஒரே ஆற்றங்கரையில் மூன்று உலகம் தெரிகிறது. இப்படிப்பட்ட ஒரு பயிற்சி தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று வேறெங்கும் கண்ணில் பட்டதில்லை. பெட்டியின் விலை இதற்கே தகும்.

பொதுவாக எங்கே கெடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது கைப்பேசி. பிள்ளை செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. மேலிருந்து பார்த்தால் செம்பனை வரிசை மட்டுமே தெரியும். ஒன்பது வயதில் யாரும் ஊரை மேலிருந்து பார்த்ததில்லை. வரைபடம் சரியாக இருக்கும், ஆனால் பயம் எங்கே, ஒளிவிடம் எங்கே என்பது போய்விடும். தொலைபேசிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒவ்வொருவர் நடை வேகமும் வேறு, பாட்டி நினைவில் பள்ளிக்கூடம் எப்போதும் தூரமாகவே இருக்கும். எந்தத் தலைமுறைக்கும் நகராத இரண்டு புள்ளிகளை முதலில் மூன்று தாளிலும் ஒரே இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். லயம் இடிக்கப்பட்ட பிறகும் கோயில் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். இரண்டாவது புள்ளிக்கு ஆற்றுப் பாலமோ, இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஒன்றோ உதவும். அந்த இரண்டையும் பொருத்திவிட்டு மற்றது பொருந்தாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பொருந்தாத இடைவெளியில்தான் ஒரு நினைவும் இன்னொரு நினைவும் முட்டிக்கொள்கின்றன. கற்பனைக்கு அங்கேதான் இடம் கிடைக்கிறது.

மூன்றாவது தவறு, தோட்டத்தைக் கற்பனை நாடாக மாற்றும் கட்டத்தில் வரும். அட்டை கேட்பது அளவை மாற்றுவதை: ஒரு நிமிட நடை ஒரு நாள் நடையாகட்டும். மூட்டையோடு நடப்பவர் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போவார் என்று கொண்டால், 21 நிமிடத்தில் இருந்த ஆறு இப்போது 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பும் தூரம். ஸ்டோர் ஒரு பட்டணமாகும், பால் மரக்காடு பல நாள் கடக்க வேண்டிய வனமாகும். இந்த இடத்தில் பிள்ளைகள் சட்டென்று கோட்டையையும் பனிமலையையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். கடன் வாங்கிய பொருள் ஒன்று நுழைந்தால் மற்றவை வரிசையாக வந்துவிடும். புதிதாக எதையும் சேர்க்காமல், தாளில் இருப்பதைப் பெரிதாக்க மட்டும் அனுமதிக்க வேண்டும். விடியுமுன் மரம் வெட்ட, அதாவது பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறப் போவதன் காரணம், அந்நேரம் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும் என்பது. மழை பெய்தால் வெட்டு இல்லை, பால் மங்குக்குள் (பால் பிடிக்கும் கிண்ணம்) போகாமல் கழுவிக்கொண்டு போய்விடும். இந்த இரண்டு விதியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு நாட்டின் காலக்கணக்கு, கூலி, பஞ்சம் எல்லாவற்றையும் கட்டலாம். பனிமலை எதற்கு?

ஆறுகளில் வரும் பிழை சிறியது, ஆனால் எல்லாரும் செய்வது. கடலை நோக்கிப் போகும்போது ஆறுகள் ஒன்று சேரும். கழிமுகத்தைத் தவிரப் பிரியாது. பிலுஸ் ஆறு பேராக் ஆற்றில் போய்ச் சேர்வதை ஒரு முறை காட்டிவிட்டால் போதும்.

பெட்டியில் வேறு இரண்டு எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். 1898இல் பெல்ஃபாஸ்டில் பிறந்த சி.எஸ். லூயிஸுக்கு இரண்டு அட்டை. சிறுவனாக இருந்தபோது அண்ணன் வாரன் ஒரு பிஸ்கட் டின் மூடியில் பாசியும் சுள்ளியும் பூவும் வைத்துச் செய்த பொம்மைத் தோட்டம்தான் அழகு என்பதைத் தனக்கு முதலில் காட்டியது என்று லூயிஸ் பிற்பாடு எழுதினார். பிள்ளைகள் அதையே செய்ய வேண்டும். மூடி பெட்டியில் இல்லை. தீபாவளிக்கு வாங்கிய பெரிய பிஸ்கட் டின் மூடி எடுத்துவரலாம். விளிம்பு இரண்டு சென்டிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காவிட்டால் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். பாசியைச் செம்பனைத் தண்டின் நிழல் பக்கத்திலிருந்து மண்ணோடு பெயர்த்தெடுக்க வேண்டும். காற்றாடிக்குக் கீழே வைத்தால் காய்ந்து பழுப்பாகிவிடும்; காலையும் மாலையும் நீர் தெளித்தால் பச்சை நிற்கும். பத்து வயதுத் தம்பி தங்கைகளும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

உர்சுலா லெ குவினுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் அட்டை. இது பெரிய குறை. 1929இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். தந்தை ஆல்ஃபிரட் குரோபர், அமெரிக்கப் பழங்குடிகளை ஆராய்ந்த மானிடவியலாளர். அறிஞர்களும் பழங்குடி நண்பர்களும் வந்துபோன வீட்டில், வேறு வேறு மக்களுக்கு வேறு வேறு உலகப் பார்வை உண்டு என்பதைக் கேட்டே வளர்ந்தவர். டோல்கீன் இழந்த நிலத்தைக் கட்டினார் என்றால், இவர் மற்றவர்களின் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்துக் கட்டினார். மலாய், சீன மக்களும் தெமியார் பழங்குடி மக்களும் அக்கம்பக்கமாக வாழும் இந்த ஊருக்கு இந்த வழிதான் அதிகம் தேவை. ஆற்றின் மேற்பகுதியில் வாழும் தெமியார் மக்களின் நம்பிக்கைகளைக் கேட்காமல் எடுத்துத் தன் கதைக்கு அலங்காரமாக வைப்பது சரியா என்ற கேள்விக்கு, பெட்டியில் எந்த வழிகாட்டலும் இல்லை. மாயாவி, வனதேவதை என்று பிள்ளைகள் எழுதத் தொடங்கும் வேளையில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். அடுத்த பதிப்பில் குறைந்தது நான்கு அட்டையாவது இதற்கு வேண்டும்.

வகுப்பு காலை 9.30க்குத் தொடங்கி 12 மணிக்கு முடிகிறது. ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு பேர், மூன்று நீள மேசை. ஏ3 தாளை விரித்தால் ஒரு மேசைக்கு மூவர்தான் வசதியாக வரையலாம். நான்காவது பிள்ளை தரைக்குப் போய்விடும். நடத்துபவர்கள் கதையை நன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகளின் தோட்டத்துப் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துவரச் சொல்கிறார்கள்; டிரேசிங் தாள் பயிற்சி அன்றுதான். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முழங்கால் வலி உள்ள பாட்டியை ஏற்றுவது சிரமம். முன்கூட்டியே கேட்டால் கீழே கடைக்குள் ஒரு மேசை போட்டுத் தருகிறார்கள். பெரியவர் வர முடியாத பிள்ளைகள், வாரத்தின் நடுவே வீட்டிலேயே அவரிடம் கேட்டுக் குறிப்பெடுத்து வந்தாலும் பயிற்சி தடைப்படாது. கேட்கும்போது “தோட்டம் எப்படி இருந்தது, தாத்தா?” என்று தொடங்கினால் “நல்லா இருந்துச்சு” என்ற பதிலோடு நின்றுவிடும். “காலையில பிரட்டுக்கு எந்தப் பக்கமா போவீங்க?” என்று காலடியிலிருந்து கேட்க வேண்டும்.

பொருள்களின் தரம் கலந்துதான் இருக்கிறது. வெள்ளைத் தாள் தடிமனானது, பென்சிலை அழுத்தினாலும் மறுபக்கம் தெரியாது. டிரேசிங் தாள் நம் ஈரக் காற்றில் சுருண்டுகொள்ளும் மெல்லிய வகை. உறையைப் பிரித்தவுடன் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிட்டு, வரையும்போது நான்கு மூலையையும் காகித நாடாவால் ஒட்டினால் சமாளிக்கலாம். பேனா வேண்டாம், மை பரவுகிறது. பர்மிங்காம் வரைபடத்தின் பிளாஸ்டிக் உறை குழல் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து எழுத்தை மறைக்கிறது, சன்னல் பக்கம் பிடித்துப் படிக்க வேண்டும். எழுத்தளவும் சிறியது. பத்து டிரேசிங் தாள் ஒரு பிள்ளைக்குப் போதும். அண்ணன் தங்கை இருவர் ஒரே பெட்டியில் வரைவதென்றால் போதாது. தனித் தாள்கள் கடையிலேயே கிடைக்கின்றன, பத்து தாள் 6 வெள்ளி.

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நூலின் நடை கொஞ்சம் கடினம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து படித்துக் காட்ட வேண்டும். இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்றுக்கு மேல் தாங்களே படித்துக்கொள்ளலாம். கதை எழுதும் போட்டிக்கு உடனடிப் பயிற்சி தேடுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. நான்கு வாரத்தில் கையில் இருப்பது ஒரு வரைபடமும் இரண்டு மூன்று பக்கத் தொடக்கமும்தான், முழுக் கதை அல்ல. பள்ளி நூலகத்துக்கு வாங்குபவர்கள் ஐந்து பெட்டிக்கு மேல் எடுத்தால் பெட்டிக்கு 5 வெள்ளி குறைத்துத் தருகிறார்கள். வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போது கீழ்த்தள மேசை வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது; அப்படிப்பட்ட மேசை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.